தெங்ரி முதல் அல்பஸ்தி வரை: துருக்கிய மக்களின் தெய்வங்கள், பேய்கள், விசித்திர உயிர்கள்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கிரேக்கர்களுக்கு ஜீயஸ், ஹேடீஸ், அஃப்ரோடைட் என்று ஒரு தெய்வக் குடும்பம் இருப்பதுபோலத் துருக்கியர்களுக்கும் இருந்ததா? இணையப் பட்டியல்களில் நூற்றுக்கணக்கில் பெயர்கள் இருக்கின்றனவே, எதை நம்புவது?

அப்படி ஒரு குடும்பம் இருந்ததில்லை. துருக்கிய மொழி பேசுபவர்கள் என்றால் இன்றைய துருக்கி நாட்டுக்காரர்கள் மட்டும் அல்லர். கஸாக், கிர்கிஸ், உஸ்பெக், உய்குர், தாத்தார், சுவாஷ், அல்தாய், ககாஸ், துவா, சகா என்று சைபீரியாவின் லேனா ஆறு முதல் ஏஜியன் கடல் வரை பரவியவர்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். துவா மக்கள் பௌத்தர்கள், சுவாஷ் மக்கள் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், கராயிம்கள் யூத வழியினர். 8ஆம் நூற்றாண்டு மங்கோலியக் கல்வெட்டில் உள்ள பெயரையும், 19ஆம் நூற்றாண்டில் அல்தாய் மலையில் ஒரு பாதிரியார் கேட்டு எழுதிய பெயரையும், துருக்கி நாட்டின் அனத்தோலியக் கிராமத்துப் பாட்டி சொன்ன பேயின் பெயரையும் ஒரே வம்சாவளியில் ஒட்டவைத்தால் அந்தப் பட்டியல்கள் கிடைத்துவிடும். "இவர் கடல் தெய்வம், இவர் அவருடைய தம்பி, போர்த் தெய்வம்" என்று எழுதியிருந்தால் அங்கேயே கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இவற்றைப் படித்துவந்ததில் எனக்குத் தோன்றுவது ஒன்று. இந்த மக்கள் மதம் மாறியபோது வானத்துத் தெய்வங்களும் பெயர் மாறின, பதவி மாறின, சில காணாமலே போயின. பிள்ளை பெற்றவளின் படுக்கையருகே வரும் பேயும், காட்டில் வழிமறிக்கும் பேயும் எந்த மதம் வந்தாலும் அசையவில்லை. அதனால் மேலே இருப்பவர்களைக் கொஞ்சமாகவும் கீழே இருப்பவர்களைக் கூடுதலாகவும் சொல்கிறேன்.

எழுத்தில் கிடைக்கும் பழைய முக்கியச் சான்று மங்கோலியாவின் ஒர்கோன் பள்ளத்தாக்கில் நிற்கும் கல்வெட்டுகள். குல் தெகின் என்ற இளவரசனின் நினைவுக்கல் 732ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவன் அண்ணன் பில்கே ககானுடையது (ககான் என்றால் பேரரசன்) 735. டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் 1893இல் இந்த எழுத்தைப் படித்துக்காட்டும் வரை இது யாருடைய மொழி என்பதே உறுதியாகத் தெரியாது. மேலே நீல வானமும் கீழே பழுப்பு மண்ணும் உண்டானபோது இடையில் மனிதப் பிள்ளைகள் உண்டானார்கள் என்று அதில் வருகிறது. உலகப் படைப்பைப் பற்றி அந்தக் கல் சொல்வது அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே அரசர்களின் கதைக்குப் போய்விடுகிறது.

அங்கே வரும் தெய்வப் பெயர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். வானமாகிய தெங்ரி, தாயாகிய உமாய், புனித மண்ணும் நீருமாகிய யெர்-சுப். இவர்களோடு காலத்தை விதிக்கும் ஒரு தெய்வமும் உண்டு: தம்பி இறந்த துக்கத்தில் பில்கே ககான், காலத் தெய்வம் விதித்தபடி மனிதப் பிள்ளைகள் எல்லோரும் சாகவே பிறந்தார்கள் என்கிறான். தெங்ரிக்கு முகம் இல்லை, வாகனம் இல்லை, காதல் கதைகளும் இல்லை. ககானுக்கு அரசாளும் பேற்றைத் தருவார், கோபம் வந்தால் பறித்துக்கொள்வார், அவ்வளவே. 921-922இல் வோல்கா கரைக்குத் தூதுப் பயணம் போன அரபுப் பயணி இப்னு ஃபத்லான், வழியில் ஓகுஸ் துருக்கியரைப் பார்த்தார். அவர்களில் ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் வானத்தை நோக்கித் தலையைத் தூக்கி 'பிர் தெங்ரி', அதாவது ஒரே தெங்ரி என்பானாம். நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1070களில் பாக்தாதில் துருக்கிய மொழி அகராதி தொகுத்த மஹ்மூத் அல்-கஷ்கரீ எரிச்சலோடு எழுதுகிறார்: இந்தக் காஃபிர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதையெல்லாம், பெரிய மலையோ பெரிய மரமோ, தெங்ரி என்று சொல்லி வணங்குகிறார்கள். மனிதர் எரிச்சலில் எழுதியதால்தான் நமக்கு இந்தத் தகவல் கிடைத்தது.

உமாயின் கதை வேறு மாதிரி. பில்கே ககான் தன் தாயை "உமாய் போன்ற என் அன்னை அரசி" என்கிறான். கஷ்கரீயின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு நஞ்சுக்கொடி என்று பொருள் தந்து, உமாயை வழிபட்டால் மகன் பிறப்பான் என்ற பழமொழியையும் சேர்த்திருக்கிறார். பிறகு இஸ்லாம் வேரூன்றிய பிறகும் கிர்கிஸ் மருத்துவச்சிகள் குழந்தையைத் தடவும்போது, இது என் கை அல்ல, உமாய் அன்னையின் கை, ஃபாத்திமாவின் கை என்று சொல்லித் தொடங்கினார்கள். நபியின் மகளும் பழைய தாய்த்தெய்வமும் ஒரே மூச்சில்! ககாஸ் மக்களிடம் தொட்டிலில் ஆண் குழந்தைக்குச் சின்ன வில்லும் அம்பும் உமாயின் காப்பாகத் தொங்கின. தெங்ரியைவிட இவள் நீண்ட நாள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பிரசவ அறையில் வேலை இருந்ததுதான் என்பேன்.

சரி, பட்டியல்களில் எப்போதும் முதலில் வரும் மேலுலகக் கடவுள் உல்கெனும் கீழுலக அரசன் எர்லிக்கும் எங்கே? ஒர்கோன் கற்களில் அவர்கள் இல்லை. நமக்குத் தெரிந்த வடிவத்தில் அவர்கள் அல்தாய் மலை மக்களின் தெய்வங்கள். துருக்கிய மொழி அறிஞர் வில்ஹெல்ம் ராட்லோவ், பாதிரியார் வெர்பித்ஸ்கி போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தவை அந்தக் கதைகள். ராட்லோவ் 1866இல் வெளியிட்ட படைப்புக் கதை இப்படிப் போகும். மண் இல்லை, வானம் இல்லை, எங்கும் நீர். கடவுளும் இன்னொருவனும் கறுப்பு வாத்துகளாக நீர்மேல் பறக்கிறார்கள். கடவுள் சொல்ல, அவன் முங்கி அடியிலிருந்து மண் எடுத்து வருகிறான். தனக்கென்று ஓர் உலகம் செய்துகொள்ள ஆசைப்பட்டு வாயிலும் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறான். கடவுள் மண்ணை வளரச் சொன்னதும் வாயில் இருந்ததும் வளர ஆரம்பிக்கிறது. மூச்சு முட்டித் துப்புகிறான். துப்பியதெல்லாம் சதுப்பும் மேடுமாக ஆனது. சமமாக இருந்திருக்க வேண்டிய பூமி கரடுமுரடானதற்கு அதுதான் காரணம். அவனே பிறகு எர்லிக், கீழுலகின் அரசன். நீரில் முங்கி மண் எடுக்கும் இந்தக் கதை துருக்கியருக்கு மட்டும் சொந்தமல்ல; பின்னோ-உக்ரிய மக்களிடமும் ஸ்லாவியரிடமும் வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இருக்கிறது.

அல்தாய்ப் பாடல்களில் எர்லிக்குக் கறுத்த முகம், பன்றித் தந்தம்போல வளைந்து காது வரை போகும் மீசை. பெயரைச் சொல்ல பயந்து 'கறுப்பானது' என்று மட்டும் சொல்வார்கள். அவனுக்கு வெட்கம் கெட்ட மகள்கள் உண்டு. உல்கெனுக்குப் பலி கொண்டுபோகும் பூசாரியை வழியில் மயக்கிப் பலியைப் பறித்துக்கொள்ளப் பார்ப்பார்கள்.

இங்கே நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். இன்றைய சீனாவின் மேற்கே துர்பான் பாலைவனச் சோலைகளில் வாழ்ந்த பழைய உய்குர்கள் பௌத்த நூல்களைத் தங்கள் மொழியில் ஆக்கியபோது எமனுக்கு வைத்த பெயர் எர்க்லிக் கான். அதே நூல்களில் இந்திரன் ஹோர்முஸ்தா ஆனான். பிரம்மா அஸ்ருவா ஆனார். இரண்டுமே ஈரானியத் தெய்வப் பெயர்கள், மத்திய ஆசியாவின் சோக்தியர் என்ற ஈரானிய மக்கள் வழியாக வந்தவை: முதலாவது அஹுர மஸ்தா, இரண்டாவது சுர்வான். அல்தாய்ப் படைப்புக் கதைகளிலேயே மய்-தெரெ, மங்தி-ஷிரே என்று இரண்டு வீரர்கள் வருவார்கள். மைத்ரேயரும் மஞ்சுஸ்ரீயும்தான்! ஆக, கலப்பில்லாத ஆதித் துருக்கிய மதம் என்று காட்டப்படும் கதைக்குள்ளேயே இந்தியாவிலிருந்து மங்கோலியா சுற்றிப் போன போதிசத்துவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எர்லிக்கை அல்தாய் மக்களே ஒருமுறை துரத்தவும் பார்த்தார்கள். 1904இல் சுகுல் என்ற சிறுமி, வெள்ளைக் குதிரையில் வெள்ளை உடையோடு ஒருவர் வந்து மீண்டும் வந்து மக்களை மீட்பார் என்று நம்பப்பட்ட அரசர் ஓய்ரோத் கானின் வருகையை அறிவித்ததாகச் சொன்னாள். அவளை வளர்த்த சேத் செல்பான் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். இரத்தப் பலி கூடாது, எர்லிக்குப் பூசை கூடாது, பூசாரிகளின் மேளங்களை எரியுங்கள் என்றது அந்த இயக்கம். ரஷ்ய அதிகாரிகளும் அவர்களோடு வந்த கூட்டமும் அதை அடித்துக் கலைத்தார்கள். 1906இல் வழக்கில் எல்லோரும் விடுதலை. ஆக ராட்லோவும் வெர்பித்ஸ்கியும் எழுதியது ஒரு குறிப்பிட்ட காலத்தின் நிலவரம்.

இனி பேய்கள்.

முதலில் அல்பஸ்தி. துருக்கியில் இவளை அல் கரிசி என்பார்கள். கஸாக், கிர்கிஸ், உஸ்பெக், தாத்தார் எல்லோருக்கும் இவளைத் தெரியும். கலைந்த நீண்ட முடி, நீண்ட விரல், தோளுக்குப் பின்னால் தூக்கிப் போடும் அளவுக்குத் தொங்கும் மார்பு. அனத்தோலியாவில் சிவப்பு உடை. பிள்ளை பெற்றவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருவாள். அவளுடைய ஈரலையோ நுரையீரலையோ பிடுங்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவாள். நீரில் அது நனைவதற்குள் பிடித்துவிட்டால் தாய் பிழைப்பாள், நனைந்துவிட்டால் அவ்வளவுதான். கஸாக்குகள் இரண்டு வகை சொல்வார்கள். மஞ்சள் அல்பஸ்தி குறும்புக்காரி, ஏமாற்றுக்காரி, அவளை விரட்டலாம். கறுப்பு அல்பஸ்தி வந்தால் கைதேர்ந்தவர்களாலும் முடியாது.

பாதுகாப்பு முறைகள் ஊருக்கு ஊர் மாறினாலும் இரும்பு எங்கும் இருக்கும். தலையணைக்கடியில் கத்தரிக்கோல், கத்தி, ஊசி. கஸாக் கூடாரங்களில் கொல்லர் வந்துவிட்டார் என்று சத்தமாகச் சொல்வதும் உண்டு, அவளுக்குக் கொல்லரைக் கண்டால் பயம். அனத்தோலியாவில் தாயின் தலையில் சிவப்பு நாடா. நாற்பது நாள் அவளைத் தனியே விடமாட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலிலும் இரத்தப்போக்கிலும் பெண்கள் இறந்த காலத்தில், துணைக்கு ஓர் ஆளை எப்போதும் உட்கார வைத்த அளவில் இந்த நம்பிக்கை நல்லதே செய்திருக்கும்.

அல்பஸ்திக்குக் குதிரைமேல் தனி ஆசை. இரவில் லாயத்திலிருந்து குதிரையை ஓட்டிக்கொண்டு போவாள். காலையில் குதிரை வியர்த்து நனைந்திருக்கும், பிடரி மயிர் பின்னியிருக்கும். ஆகவே குதிரையின் முதுகில் கீலைத் தடவிவைப்பார்கள். ஒட்டிக்கொண்டு மாட்டியவளின் உடையில் ஊசியைக் குத்தினால் ஓடமுடியாது. அந்த வீட்டில் வேலைக்காரியாக இருப்பாள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. பெரியவர்கள் யாரும் ஊசியை எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்து, ஒரு நாள் குழந்தையிடம் கேட்டு எடுக்கவைத்துத் தப்பிவிடுவாள். சில வடிவங்களில், உங்கள் வம்சத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போவாள். அனத்தோலியக் கிராமங்களில் அப்படிச் சத்தியம் வாங்கிய குடும்பம் என்று பெயர் பெற்ற வீடுகள் உண்டு. அந்த வீட்டுத் துணி ஒன்றை வாங்கிவந்து பிள்ளை பெற்றவள் பக்கத்தில் வைப்பார்கள். ஆனால் இவளையும் துருக்கியப் பேய் என்று மட்டும் எழுதிவிட முடியாது. ஆர்மேனியர், ஜார்ஜியர், பாரசீகர் எல்லோரிடமும் கிட்டத்தட்ட இதே பெயரில் இதே வேலையைச் செய்கிறாள்.

காட்டுக்குப் போனால் தாத்தார், பஷ்கிர் மக்களின் ஷுராலே. நெற்றியில் ஒரு கொம்பு, நீண்ட விரல்கள், ஆளைச் சாகும்வரை கூச்சங்காட்டுவான். இவனைப் புகழ்பெறச் செய்தது கவிஞர் கப்துல்லா துகாய் 1907இல் எழுதிய கவிதை. விறகு வெட்டப் போன இளைஞனிடம் ஷுராலே கூச்ச விளையாட்டுக்கு வா என்கிறான். முதலில் இந்த மரத்தைத் தூக்க உதவு, பிளவில் விரலை விடு என்கிறான் இளைஞன். விரலை விட்டதும் ஆப்பைத் தட்டிவிடுகிறான். பேர் கேட்டபோது 'போன வருஷம்' என்று சொல்லிவைத்திருந்ததால், மற்ற ஷுராலேக்கள் ஓடிவந்து யார் செய்தது என்று கேட்கும்போது இவன் "போன வருஷம்!" என்று அலறுகிறான். போன வருஷம் மாட்டியதற்கு இந்த வருஷம் ஏன் கத்துகிறாய் என்று அவர்கள் திட்டுகிறார்கள். ஃபரீத் யருல்லின் இதை பாலே ஆக்கினார். 1943இல் போரில் இறந்தார், 1945இல் கசானில் அது அரங்கேறியது. சுவாஷ் காடுகளிலும் இவனுக்கு ஓர் உறவினன் உண்டு, பெயர் அர்சூரி. நீர்நிலைகளில் தங்கச் சீப்பால் தலைவாரும் நீர்த்தாயும் தாத்தார் கதைகளில் பிரபலம். சீப்பைத் திருடியவன் வீட்டு ஜன்னலை இரவில் வந்து தட்டுவாள்.

ஷுராலேயிடம் பெயரை மாற்றிச் சொன்ன ஏமாற்று வேலையைக் கேட்டதும் ஹோமரின் காவியத்தில் வரும் ஒடிசியஸும் ஒற்றைக்கண் பாலிஃபீமஸும் நினைவுக்கு வந்திருந்தால், ஓகுஸ் துருக்கியரின் ஒற்றைக்கண் அரக்கன் தெபெகோஸ் இன்னும் நெருக்கமானவன். கோர்குத் என்ற முதிய ஞானியின் பெயரால் வழங்கும் தெதெ கோர்குத் கதைகளின் டிரெஸ்டன் ஏட்டில் இவன் கதை இருக்கிறது. ஹைன்ரிஷ் ஃபிரீட்ரிஷ் ஃபோன் டீட்ஸ் 1815இலேயே அதை வெளியிட்டு ஹோமரோடு ஒப்பிட்டார். ஆனால் தெபெகோஸ் எங்கோ தீவில் இருக்கும் அந்நியன் அல்லன். ஊற்றருகே பரி என்ற தேவதைப் பெண் ஒருத்தியை ஓர் இடையன் பலவந்தம் செய்கிறான். அந்தக் குற்றத்தில் பிறந்த பிள்ளை இது. தலைவர்களில் ஒருவரான அருஸ் வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்க்கிறார். முலைகொடுக்க வந்தவர்களின் இரத்தத்தையே உறிஞ்சிக் கொல்கிறான், விளையாட வந்த பிள்ளைகளின் மூக்கையும் காதையும் தின்கிறான். துரத்தியபின் மலையில் உட்கார்ந்து கப்பம் கேட்கிறான். கோர்குத் பேரம் பேசி முடிவுக்குக் கொண்டுவந்த கணக்கு: நாளொன்றுக்கு 2 ஆள், 500 ஆடு. அருஸின் சொந்த மகன், சிங்கம் வளர்த்த பசாத், கடைசியில் காய்ச்சிய கம்பியால் கண்ணைக் குத்தி, ஆட்டுத்தோலைப் போர்த்தித் தப்பி, அவனைக் கொல்கிறான். தங்கள் தவறே வளர்ந்து வந்து தங்களைத் தின்ற கதை இது. ஹோமரிடம் அந்தப் பரிமாணம் இல்லை.

சைபீரியாவின் வடகிழக்கில் வாழும் சகா மக்களை இணையப் பட்டியல்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அவர்கள் உலகம்தான் மிகச் செழிப்பாகத் தெரிகிறது. குளிர் மைனஸ் 67 டிகிரி வரை போன நாடு. மேலுலகில் வெள்ளைத் தலைவர் உருங் அய்யி தொயோனும் அய்யிகள் என்ற நல்ல தெய்வங்களும். அய்யிசித் என்பவள் பிள்ளைப்பேற்றுக்கு உரியவள். ஒலோங்கோ என்ற நீண்ட வீரப்பாடல்களில் எதிரிகளாக வருபவர்கள் அபாசிகள்: ஒற்றைக் கண், ஒற்றைக் கை, ஒற்றைக் கால் அரக்கர்கள். இந்தப் பாடல் மரபை யுனெஸ்கோ 2005இல் தலைசிறந்த மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. இவற்றைவிட அன்றாடத்தில் முக்கியமானவை இச்சிகள். ஏரி, ஆறு, கணவாய், வீடு, கத்தி, எல்லாவற்றுக்கும் அதனதன் உரிமையாளர் உண்டு. கணவாயைக் கடப்பவர் குதிரை மயிரைக் கட்டிவிட்டுப் போவார். வேட்டைக்காரர் தீக்கு முதல் கவளம் கொடுத்து, வேட்டைக்கு அதிபதியான பயனாயை வேண்டுவார். குளிரும் ஒரு காளைதான், வட கடலிலிருந்து வரும் காளை. குளிர் தணியும்போது முதலில் ஒரு கொம்பு முறியும், அப்புறம் இன்னொன்று, வசந்தத்தில் தலையே விழும். ஜூனில் நடக்கும் இஹ்யாக் திருவிழாவில் குதிரைப்பால் மதுவை இன்றும் தீக்கும் மண்ணுக்கும் படைக்கிறார்கள்.

இறக்கை வைத்த விலங்குகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கஸாக் அரசுச் சின்னத்தில் இருப்பது துல்பார் என்ற சிறகுக் குதிரை. கசான் நகரச் சின்னத்தில் ஜிலாந்த் என்ற சிறகுப் பாம்பு. கஸாக் கதையில் ஏர் தோஸ்திக் என்ற வீரன் கீழுலகில் சம்ருக் பறவையின் குஞ்சுகளைப் பாம்பிடமிருந்து காப்பாற்றுகிறான். நன்றிக்கு அது அவனை மேலே தூக்கிவருகிறது; வழியில் இறைச்சி தீர்ந்துபோக, தன் தொடையையே அறுத்துக் கொடுக்கிறான். சம்ருக் பாரசீகத்தின் சீமுர்க். பரி, தேவ் என்ற அரக்கன், அழ்தஹா பாம்பு எல்லாமே பாரசீகம் வழி வந்தவை. பெயர் அங்கிருந்து வந்தாலும் கதைகள் இங்கே வளர்ந்தவை, ஆகவே பட்டியலிலிருந்து வெட்ட வேண்டியதில்லை. ஆதித் துருக்கியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எதை நம்புவது என்ற கேள்விக்கு வருகிறேன். எந்தப் பெயரைப் பார்த்தாலும் எந்த மக்கள், யார் எழுதியது, எந்த நூற்றாண்டு என்று கேளுங்கள். பட்டியல்களில் தவறாமல் வரும் 'அசேனா' என்ற ஓநாய்த் தாயையே எடுத்துக்கொள்வோம். கதை பழையதுதான். எதிரிகள் ஒரு குலத்தையே அழித்து, ஒரு சிறுவனின் பாதங்களை வெட்டிச் சதுப்பில் எறிந்தார்கள், பெண் ஓநாய் அவனுக்கு இறைச்சி கொண்டுவந்து காப்பாற்றியது, பிறகு மலைக்குகையில் அவனுக்குப் பத்து மகன்களைப் பெற்றது என்று சீன அரச வரலாறுகள் எழுதுகின்றன. துருக்கியரின் கொடிக்கம்பத்தில் பொன் ஓநாய்த் தலை இருந்ததையும் சொல்கின்றன. ஆனால் அங்கே ஓநாய்க்குப் பெயர் இல்லை. அஷினா என்பது அந்த மகன்கள் வழிவந்த அரச குலத்தின் பெயர். அதை ஓநாய்க்குச் சூட்டியவர்கள் 20ஆம் நூற்றாண்டுத் துருக்கித் தேசியவாதிகள். இரும்பு மலையை உருக்கி வெளியேறும் எர்கெனெகோன் கதையும் அப்படியே. 14ஆம் நூற்றாண்டில் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்-தீன் அதை மங்கோலியரின் கதையாகத்தான் எழுதினார், வழிகாட்டும் ஓநாய் அதில் வரவில்லை. ஓகுஸ் ககானின் கதையில் ஒளிக்கற்றைக்குள்ளிருந்து வந்து படைக்கு முன்னால் நடக்கும் சாம்பல் ஓநாய் உண்டு. உங்களுக்கு வழிகாட்டும் ஓநாய்தான் வேண்டும் என்றால் அங்கே போய்ப் படியுங்கள்.